முதல் மோட்டார் சைக்கிள்: பார்த்து வாங்குவோம்

(தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேசப் போவது மோட்டார் சைக்கிள் பற்றி. முதன்முதலாக வண்டி வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எதைப் பார்த்து மயங்கக் கூடாது? எந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்? இவற்றைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. பால்காரருக்கு அது கை. கொத்தனாருக்கு அது கால். காய்கறி விற்பவருக்கு அதுதான் கடை. 2024-25 நிதியாண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1 கோடியே 96 லட்சம் இருசக்கர வாகனங்கள் விற்றன. இவற்றை வாங்கியவர்களில் பலருக்கு அதுதான் முதல் வண்டியாக இருந்திருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதாவது நூறு பேரில் 44 பேருக்கும் மேல். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது.

நண்பர்களே, பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வண்டி வாங்குவது மாடு வாங்குவது போல. மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். நம் உயிரைச் சுமந்து போகும் வண்டியை மட்டும் நிறத்தைப் பார்த்து வாங்கலாமா?

எதற்காக வண்டி?

கடைக்குப் போவதற்கு முன் நம்மை நாமே கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறோம்? தார்ச் சாலையா, மண் பாதையா? தனியாகப் போவோமா, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போவோமா? பால் கேன், காய்கறிக் கூடை, துணி மூட்டை என்று ஏதாவது ஏற்றுவோமா? வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியை ஓட்டுவார்களா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாலே பாதி வண்டிகள் கழிந்துவிடும்.

ஒருவர் தினமும் 40 கி.மீ. போய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30 நாளுக்கு 1,200 கி.மீ. லிட்டருக்கு 60 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றால் மாதம் 20 லிட்டர் பெட்ரோல் போதும். லிட்டருக்கு 35 கி.மீ. மட்டுமே கொடுக்கும் வண்டி என்றால் 34 லிட்டருக்கு மேல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குப் போட்டால் மாதம் சுமார் 1,400 ரூபாய் வித்தியாசம். ஒரு வருடத்துக்குச் சுமார் 17,000 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு புகையாகப் போய்விடும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். வேலைக்குத் தகுந்த வண்டி வேண்டும் என்கிறேன் நான்.

கியர் மாற்றுவது சிரமம் என்று நினைப்பவர்களுக்கு ஸ்கூட்டர் இருக்கிறது. மூட்டை ஏற்றுபவர்களுக்கு மொபெட் இருக்கிறது. மின்சார வண்டியும் இருக்கிறது. அதை வாங்குவதற்கு முன் வீட்டில் சார்ஜ் போட வசதி இருக்கிறதா, ஒருமுறை சார்ஜ் போட்டால் நம் அன்றாடத் தூரத்துக்குத் தாங்குமா, பழுது பார்க்க அருகில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மேடு பள்ளம் நிறைந்த பாதையில் தினமும் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு, பெரிய சக்கரம் உள்ள மோட்டார் சைக்கிள்தான் இன்றும் வசதி.

உடம்புக்கு ஏற்ற வண்டி

சட்டை வாங்கினால் போட்டுப் பார்க்கிறோம். செருப்பு வாங்கினால் காலில் மாட்டி நடந்து பார்க்கிறோம். வண்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கடையில் வண்டி மேல் உட்காருங்கள். இரண்டு காலையும் கீழே ஊன்றுங்கள். பாதம் முழுவதும் தரையில் படுகிறதா? நல்லது. குதிகால் சற்றே தூக்கி நின்றாலும் பரவாயில்லை. கால் விரல் நுனி மட்டும்தான் தொடுகிறது என்றால், அந்த வண்டி உங்கள் முதல் வண்டி அல்ல. புதிதாக ஓட்டுகிறவர் நிற்கும்போதும் திரும்பும்போதும்தான் அதிகமாகக் கீழே சாய்வார். அந்த நேரத்தில் கால் உறுதியாக ஊன்ற வேண்டும்.

இருக்கையின் உயரம் வண்டிக்கு வண்டி மாறும். ஹீரோ ஸ்பிளெண்டர் வண்டியில் அது 785 மில்லிமீட்டர். மண் பாதைக்கென்று செய்யப்பட்ட எக்ஸ்பல்ஸ் 200 வண்டியில் 825 மில்லிமீட்டர். வித்தியாசம் 4 சென்டிமீட்டர்தான். உயரம் குறைந்தவருக்கு இந்த 4 சென்டிமீட்டரே ஊன்றி நிற்பதா, சாய்ந்து விழுவதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

அடுத்தது எடை. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ. இரண்டு மூட்டைக்குச் சற்று அதிகம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. கிட்டத்தட்ட நான்கு மூட்டை. ஓடும்போது இந்த எடை தெரியாது. மணலில் நிற்கும்போது தெரியும். சரிவில் பின்னால் தள்ளும்போது தெரியும். கீழே விழுந்த வண்டியைத் தூக்கும்போது நன்றாகவே தெரியும்.

ஆகவே கடையில் இந்த மூன்றையும் செய்து பாருங்கள். வண்டியில் உட்கார்ந்தபடி காலால் தள்ளிப் பின்னுக்குக் கொண்டு வாருங்கள். கீழே இறங்கி வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஒரு வட்டம் போடுங்கள். நடு ஸ்டாண்டு போட்டு எடுங்கள். மூன்றும் துணையில்லாமல் முடிந்தால் அந்த வண்டி உங்கள் சொல் கேட்கும்.

கையையும் பாருங்கள். கிளட்ச், பிரேக் பிடிகளை விரல்கள் சுலபமாக எட்டுகின்றனவா? கைப்பிடியை முழுதாகத் திருப்பினால் ஒரு கை எட்டாமல் போகிறதா? சிறிய கை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சி.சி. என்றால் என்ன?

கடையில் எல்லோரும் “எத்தனை சி.சி.?” என்றுதான் கேட்கிறார்கள். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அது அடைக்கும் இடத்தின் அளவுதான் சி.சி. ஆழாக்கு, படி என்பது போல அது ஓர் அளவு. அளவு பெரியதானால் பொதுவாக இழுக்கும் சக்தியும் கூடும்.

100 சி.சி. வண்டிகளின் சக்தி சுமார் 8 குதிரைத்திறன். 125 சி.சி. வண்டிகளுக்குச் சுமார் 10 அல்லது 11. 150, 160 சி.சி. வண்டிகளுக்கு ஏறக்குறைய 13 முதல் 17 வரை.

ஆனால் சி.சி. மட்டும் பார்த்தால் போதாது. கிளாசிக் 350 வண்டிக்குச் சுமார் 20 குதிரைத்திறன். கே.டி.எம். டியூக் 390 வண்டிக்கு 40 குதிரைத்திறனுக்கு மேல். சி.சி.யில் பெரிய வித்தியாசம் இல்லை. சக்தியோ இரண்டு மடங்குக்கும் அதிகம். எடையோ கிளாசிக்கைவிடக் குறைவு, சுமார் 170 கிலோ. முறுக்கினால் அம்பு போலப் பாயும். பழகிய கைக்கு அது வசப்படும். புதுக் கைக்கு வசப்படாது. பயத்தில் கை இறுகும். கை இறுகினால் ஆக்சிலேட்டர் இன்னும் திரும்பும்.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு 100 முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டி போதும். எப்போதும் இருவர் போவோம், மலைப் பாதை, தொலைதூரம் என்றால் 125 நல்லது. ஏற்கனவே ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்கள், உயரமும் பலமும் உள்ளவர்கள் 150 சி.சி. வரை யோசிக்கலாம். அதற்கு மேல் போக விரும்புகிறவர்கள் சிறிய வண்டியில் ஓரிரு வருடம் பழகட்டும்.

சிறிய வண்டி என்றால் மட்டமான வண்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1970களில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல வருடம் காத்திருந்த நாடு இது. 1980களில்தான் நிலைமை மாறியது. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. குறைந்த பெட்ரோலில் நிறைய தூரம் ஓடியது. 1994இல் ஸ்பிளெண்டர் வந்தது. இந்த இரண்டும் 100 சி.சி. வகைதான். கிராமத்துச் சாலைகளில் ஒரு தலைமுறையையே சுமந்தவை இந்தச் சின்ன எஞ்சின்கள்தான்.

ஓடுவது மட்டுமல்ல, நிற்பதும் முக்கியம்

வண்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்கிறோம். எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று கேட்கிறோமா?

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஆடு வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க ஆகும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும்.

நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளின் பிரேக்குக்குப் புதிய விதி வந்தது. 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். இதை சி.பி.எஸ். என்பார்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும். அவசரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் இறுகி வழுக்கும் அல்லவா? அப்படி இறுகாமல் காப்பது ஏ.பி.எஸ். 125 சி.சி.க்குக் குறைந்த வண்டியில் ஏ.பி.எஸ். உள்ள மாடல் கிடைத்தால், பணம் கொஞ்சம் கூடினாலும் அதை வாங்குவது நல்லது. பழைய வண்டி வாங்கினால் இவை இரண்டும் இல்லாமல் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டயரையும் பாருங்கள். டியூப் உள்ள டயரில் ஆணி குத்தினால் காற்று சட்டென்று இறங்கிவிடக்கூடும். டியூப் இல்லாத டயரில் பெரும்பாலும் மெதுவாகவே இறங்கும். ஓரம் கட்ட நேரம் கிடைக்கும்.

பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் கம்பி, சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளே இதைச் சொல்கின்றன. அழகாக இருக்க வேண்டும் என்று சேலைத் தடுப்பைக் கழற்றிப் போடுகிறார்கள் சிலர். அது அழகுப் பொருள் அல்ல. உயிர்க் காப்பு.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

சகோதரிகளே, வண்டி ஆண்களுக்கு மட்டும் உரியது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1991, 92ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தார்கள். எழுத்தும் சக்கரமும் ஒன்றாகவே அவர்கள் கைக்கு வந்தன.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மோட்டார் சைக்கிளில் பாதி வேலை முடிந்தது. சமநிலை ஏற்கனவே உடம்பில் இருக்கிறது. கிளட்சும் கியரும் மட்டும்தான் புதிது. அவை ஒரு வாரப் பழக்கம். வீட்டுக்கு வண்டி வாங்கும்போது, ஓட்டப் போகும் பெண்ணும் கடைக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆணின் உயரத்துக்கு வாங்கிய வண்டி வாசலிலேயே நிற்கும்.

விலையும் கடனும்

இனி பணத்துக்கு வருவோம். நண்பர்களே, இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விளம்பரப் பலகையில் இருப்பது ஷோரூம் விலை. அதோடு சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேரும். அதைத்தான் ஆன்-ரோடு விலை என்கிறார்கள். எப்போதும் ஆன்-ரோடு விலையைக் கேளுங்கள். ஒவ்வொரு தொகையும் எதற்கு என்று தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சீட் கவர், கம்பி, பாலிஷ் என்று கேட்காததைச் சேர்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பெரும்பாலோர் கடனில்தான் வாங்குகிறோம். கடனில் ஒரு நுட்பம் இருக்கிறது.

வண்டி விலை 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருந்து 20,000 கட்டுகிறோம். மீதி 60,000 கடன். மூன்று வருடம், வட்டி 10 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த 10 சதவீதம்?

ஒரு வகை, முழுக் கடனுக்கும் கடைசி வரை வட்டி போடுவது. வருடம் 6,000 வீதம் மூன்று வருடத்துக்கு 18,000. அசலும் வட்டியும் 78,000. மாதத் தவணை சுமார் 2,167 ரூபாய்.

இன்னொரு வகை, கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடுவது. அப்படியானால் மாதத் தவணை சுமார் 1,936 ரூபாய். மூன்று வருடத்துக்கு மொத்த வட்டி சுமார் 9,700 ரூபாய்தான்.

பார்த்தீர்களா? இரண்டுக்கும் பெயர் 10 சதவீதம். ஒன்றில் வட்டி 18,000. மற்றதில் 9,700. முதல் வகையில் உண்மையான வட்டி கிட்டத்தட்ட 18 சதவீதம் ஆகிவிடுகிறது.

நாம் ஏமாறாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் படிப்பறிவு வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறது. வங்கியோ கடன் நிறுவனமோ இப்படிப்பட்ட கடனைக் கொடுக்கும்போது ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளைக் கொடுக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதும் அதில் இருக்கும். அந்த ஒரு எண்ணைத்தான் நாம் தேட வேண்டும். இரண்டு இடத்தில் கேட்டு, அந்த எண் எங்கே குறைவோ அங்கே வாங்க வேண்டும்.

“இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து” என்று அவசரப்படுத்துவார்கள். முன்பு கைநாட்டு வைத்தோம். கேள்வி கேட்க முடியவில்லை. இன்று எழுத்து நம் கையில் இருக்கிறது. படிக்காமல் போடும் கையெழுத்தும் கைநாட்டுதான். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எழுதாமல் விட்ட இடம் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

தவணை கட்டத் தவறினால் வண்டியும் போகும், கட்டிய பணமும் போகும். ஆகவே அகலக்கால் வைக்க வேண்டாம். வருமானம் குறையும் மாதத்திலும் கட்ட முடிகிற தொகையா என்று பாருங்கள். கடன் முடிந்ததும் தடையின்மைச் சான்று வாங்கி, ஆர்.சி.யில் இருந்து கடன் கொடுத்தவர் பெயரை நீக்குங்கள்.

பழைய வண்டி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். புதிதாகப் பழகும்போது ஒன்றிரண்டு முறை சாய்க்கத்தான் செய்வோம். பழைய வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் மனசு வலிக்காது. ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆகும் சிரமம் தெரியாது. புகைபோக்கியில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். செலவு வைக்கும். முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா? செயின் சக்கரத்தின் பல் தேய்ந்து கொக்கி போல வளைந்திருக்கிறதா? நேராகப் போகும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? இழுத்தால் விபத்தில் சட்டம் வளைந்திருக்கலாம்.

வண்டியைவிடத் தாள் முக்கியம். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப் போகின்றனவா? ஒவ்வொரு எழுத்தாக நீங்களே படித்துப் பாருங்கள். விற்பவர் பெயர்தான் ஆர்.சி.யில் இருக்கிறதா? கடன் பாக்கி இருக்கிறதா? அபராதம் ஏதும் கட்டாமல் இருக்கிறதா? பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தும் சில விவரங்களைப் பார்க்கலாம். பதிவு 15 வருடத்துக்குத்தான். எத்தனை வருடம் மீதி என்று பாருங்கள்.

வாங்கியதும் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். அதற்கு 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்கள் உண்டு. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் மாற்ற வேண்டும். விற்பவருக்கும் இது முக்கியம். பெயர் மாற்றாமல் விட்டால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவர் மேல்தான் வரும். 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உரிமம், இன்சூரன்ஸ், ஹெல்மெட்

கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். அதுவரை வண்டியில் முன்னும் பின்னும் சிவப்பில் ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். கற்றுக் கொடுக்கும் உரிமதாரர் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் விதிக்கலாம்.

இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி சாலைக்கு வரக் கூடாது. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான் அது பணம் கொடுக்கும். வண்டி திருடு போனால் கொடுக்காது. அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஓட்டும் சொந்தக்காரருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. உரிமம் இல்லாமல் ஓட்டியிருந்தால் அந்தப் பணம் கிடைக்காது. உரிமத் தாள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஹெல்மெட். 2022இல் ஹெல்மெட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஆகவே வண்டி விலையோடு இரண்டு ஹெல்மெட் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். தலையில் மாட்டி, கன்னத்தை இலேசாக அழுத்தும் அளவில் வாங்குங்கள். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. வாரைப் பூட்டாவிட்டால் அது வெறும் தொப்பிதான்.

முதல் மாதம்

வண்டி வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முதல் நாளே நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம்.

ஆளில்லாத மைதானத்தில் பழகுங்கள். கிளட்சை மெதுவாக விட்டு நகர்த்துவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது, எட்டு போடுவது. இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு சாலைக்கு வாருங்கள். வண்டியின் பளு பிரேக் பிடிக்கும்போது முன்னால் சாய்கிறது. அதனால் நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வெடுக்கென்று பிடிக்காமல் படிப்படியாக அழுத்துங்கள். மணலிலும் ஈரத்திலும் இன்னும் மென்மையாகப் பிடியுங்கள்.

இன்னொருவர் வண்டியை வாங்கி ஓட்டும்போது முதலில் கியர் போடும் முறையைக் கேளுங்கள். சில வண்டிகளில் எல்லாக் கியரும் கீழே மிதிப்பது. சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். தெரியாமல் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்போம்.

முதல் ஒரு மாதம் இரவிலும் மழையிலும் ஓட்டாமல் இருப்பது நல்லது. இருவர் ஏறும் வண்டியில் மூவர் ஏறுவது எந்த மாதத்திலும் கூடாது.

நோட்டில் எழுதுங்கள்

நண்பர்களே, நான் பேசியது நிறைய. எல்லாம் நினைவில் நிற்காது. ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் நோட்டை எடுங்கள். இந்த ஏழு வரியையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் உங்கள் பதிலை எழுதுங்கள்.

1. தினமும் எத்தனை கிலோமீட்டர்? எந்தப் பாதை?
2. யார் யார் ஓட்டுவார்கள்? எல்லோருக்கும் கால் ஊன்றுகிறதா?
3. துணையில்லாமல் தள்ள முடிகிறதா? ஸ்டாண்டு போட முடிகிறதா?
4. பிரேக் எந்த வகை?
5. ஆன்-ரோடு விலை எவ்வளவு? இரண்டு ஹெல்மெட் சேர்த்தாயிற்றா?
6. கடன் என்றால் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம்? மொத்தம் கட்டப் போவது எவ்வளவு?
7. பழுது பார்க்கும் கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

இந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் கேட்கும் கேள்விக்கு நாம் பதில் சொல்லும் நிலை மாறும். நாம் கேட்போம், அவர் பதில் சொல்வார். ஏழுக்கும் பதில் கிடைக்கும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். வண்டி நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

 உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். சேர்ந்து பேசுவோம்.